ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கை

1957 செப்டம்பர் 8, ஞாயிறு
அம்மா தூங்கியபின் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

விடியற்காலையில் நிலக்கோட்டைக்குப் பூ வாங்கப் போகலாம் என்று அப்பா கூப்பிட்டார். அப்பாவின் சிநேகிதர் வாஹித் மாமாவிடம் இரவல் வாங்கிய கார். வழியில் மாயம்மாள் ஏறினாள். நில வழக்குக்காக அப்பாவிடம் வந்துபோகிறவள். நான் கூட இருந்தால் அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள் என்றுதான் கூட்டிப்போனாரோ?

அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டினார். எதிரே பூக்கூடையோடு சைக்கிளில் வந்தவரைக் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். மோதிய பிறகும் கார் நிற்கவில்லை.

செப்டம்பர் 9
அந்த ஆள் இறந்துவிட்டார். பெயர் தங்கமுத்து.
அப்பா என்னிடம், "நேத்து நீ வீட்டுலதான் இருந்த. தெரியுதா?" என்றார்.

செப்டம்பர் 11
யாரோ கார் நம்பரைச் சொல்லிவிட்டார்கள். வாஹித் மாமா தானே ஓட்டியதாகப் போலீசில் ஒப்புக்கொண்டார். நேற்று ஆபீஸ் அறையில் அப்பா அவரிடம் அழுதது எனக்குக் கேட்டது. "என் வக்கீல் சன்னதே போயிரும்டா. குடும்பம் சிரிப்பாச் சிரிச்சிரும்." மாமா, "கோர்ட்டுல நீ இருக்கேல்ல, எனக்கென்ன?" என்றார்.

நான் சொல்லியிருக்கலாம். யாரிடம்?

நவம்பர் 20
மாமாவின் மகள் நர்கீஸ் வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். "உங்கப்பா எந்திரிச்சாலே ஜட்ஜு பேனாவைக் கீழ வச்சிருவாராம். எங்கத்தா சொன்னாக" என்றாள். தன் அப்பாவை அவள் அத்தா என்றுதான் சொல்வாள். என் இட்லியில் பாதியைத் தின்றாள். மீதியையும் அவள் பக்கம் தள்ளினேன்.

1958 பிப்ரவரி 5
நாளை விசாரணை. அப்பா புதுக் கோட்டுப் போட்டு அரைமணி நேரம் கண்ணாடி முன் நின்றார். அம்மா, "கோர்ட்டுக்கா, பொண்ணு பாக்கவா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 6
சாப்பிடும்போது அப்பா சாட்சியைப் போலவே பேசிக்காட்டினார். சாட்சி கருப்பம்மாள், ரோட்டோரத் தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்தவள். "மூஞ்சி தெரியலீங்க சாமி. ஜன்னலுக்கு வெளிய கை தெரிஞ்சுச்சு. செவப்புக்கல்லு வச்ச தங்க மோதிரம்."

வாஹித் மாமா தங்கம் போட மாட்டார். அவர்கள் மார்க்கத்தில் ஆண்களுக்குத் தங்கம் கூடாது. 'என் கட்சிக்காரர் கையைப் பாருங்கள்' என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமா வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் அப்புறம் ஜட்ஜ் வக்கீலின் கையையும் பார்ப்பாரே.

அப்பா அதைச் சொல்லவில்லை. இருட்டு, தூரம், கண் கோளாறு என்று கேட்டுக் கேட்டு, "தெரியலீங்க" என்று அவளை அழவைத்திருக்கிறார். "கோர்ட்டே அசந்துபோச்சு" என்றார். அப்போதுதான் சோற்றிலிருந்த தன் கையைப் பார்த்தார். பாதியில் எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 7
மோதிரம் எங்கே என்று அம்மா கேட்டாள். விரல் வீங்கியிருக்கிறதாம்.

பிப்ரவரி 21
மாமாவுக்கு ஒரு வருஷம் ஜெயில்.

மார்ச் 25
வருஷாவருஷம் மாமா வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும். இந்த வருஷம் வராது என்றிருந்தேன். சாயங்காலம் நர்கீஸ் தூக்குச்சட்டியோடு வந்தாள். "வக்கீல் மாமா வீட்டுக்கு மறந்துறாதீகன்னு அத்தா சொல்லிட்டுப் போனாக."

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். மோதிரம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. கருப்பம்மாள் சொன்னது அவர்கள் வீட்டிலும் தெரியும்தானே. நர்கீஸ் அந்த விரலையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

மார்ச் 26
நர்கீஸ் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?