ஷிஃப்ட் இன்னும் முடியலை

ஜனவரி 4

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் மூட்டுவலி மலைக்குளிரில் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் "கிளப்" என்று வாயைத் திறந்தாலே உன்னை வாசலில் யாரோ கூப்பிட்டுவிடுகிறார்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாதே.

நம் துறைமுகக் கிளப்புக்கு வரும் மார்ச்சில் எழுபத்தைந்து வயது. அதன் வரலாற்றைப் புத்தகமாக எழுதும் வேலையைச் செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். "காலேஜ்ல லைப்ரேரியன், அதுக்கு மேல கோல்கீப்பரோட தங்கச்சி. வேற யார்கிட்ட போறது?" என்றார்.

மூன்று மாதமாகக் கிளப் அறையில் பழைய நோட்டுகளோடு குடித்தனம். தூசியில் தும்மிக்கொண்டும் தனியாகச் சிரித்துக்கொண்டும் இருக்கிறேன். முதல் கூட்டத்தின் குறிப்பைக் கேள்: "இருந்தது ஒரு பந்து. அதுவும் கடலில் விழுந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது." மூட்டை தூக்கும் பதினொரு பேர் நிலக்கரி கிடங்குக்குப் பின்னால் ஆரம்பித்த ஆட்டம். ஆசையாக வெள்ளைச் சட்டை தைத்திருக்கிறார்கள். முதல் ஆட்டத்திலேயே கரி அப்பியதும், "இனிமேல் கறுப்பே நமது நிறம்" என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஆடும் கிளப்பாக மாறிய வருடம் வந்த பயிற்சியாளர், நம் கடல் காற்றில் பந்து எப்படி வளையும் என்று தெரியாமல் முதல் நாளே ஒரு பல்லை இழந்தார்.

இப்படியே கிளப்பின் ஐம்பத்திரண்டாம் வருடம் வரை வந்துவிட்டேன். அங்கே நின்றுவிட்டேன். அந்த இறுதிப் போட்டியை நீ சொன்னால்தான் எழுதுவேன். சொல்வாயா?

உன் தங்கை


ஜனவரி 16

வாயாடித் தங்கச்சிக்கு,

அண்ணிக்கு வலி பரவாயில்லை. பயிற்சியாளர் இழந்தது ஒரு பல் இல்லை, இரண்டு. வரலாறு எழுதுகிறவள் எண்ணிப் பார்த்து எழுத வேண்டாமா?

அந்த வருடத்துக்கு "பலத்த மழை, ஆட்டம் இல்லை" என்று எழுதிவிடு.

சொல்ல என்ன இருக்கிறது? ஊருக்கே தெரியும். தலைமை விருந்தினர் தாமதமாக வந்து ஆட்டம் கால் மணி நேரம் தள்ளிப்போனது. எண்பத்தொன்பதாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. பந்து என் கையில். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஐந்து மணிச் சங்கு ஊதியது. ஒப்பந்த ஆட்டக்காரன் ஆவதற்கு முன்னால் எட்டு வருடம் அங்கே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் நான். சங்கு ஊதினால் ஸ்பானரோ சுத்தியலோ, இருப்பதைக் கீழே வைத்துவிடும் கை இது. பந்தையும் வைத்துவிட்டது. எதிரணி ஆள் வந்து காலால் வலைக்குள் தள்ளிவிட்டான். கப் போயிற்று.

"கப்புக்குச் சங்கு ஊதிட்டான்டா!" என்று பஸ் ஸ்டாண்ட் வரை கத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரத்தில் என் பெயரே "சங்கு" ஆகிவிட்டது. காய்கறிக்காரர்கூட, "சங்கு சார், தக்காளி எவ்வளவு?" என்றார்.

இங்கே நான் லாரி மெக்கானிக். இந்த மலையில் யாருக்கும் கடலும் தெரியாது, என்னையும் தெரியாது. பேப்பர் வந்ததும் விளையாட்டுப் பக்கத்தை உன் அண்ணி உருவி அலமாரியில் விரித்துவிடுகிறாள். இருபத்து மூன்று வருடமாக நிம்மதி. கோபம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்மா.

அண்ணன்


ஜனவரி 28

அன்புள்ள அண்ணா,

பல்லைத் திருத்திவிட்டேன்.

உனக்கு ஒன்று தெரியாது. நீ மலையேறிய பிறகு வந்த முதல் ஆட்டமும் தாமதமாகத்தான் தொடங்கியது. மறுபடியும் நடுவில் சங்கு. எல்லாரும் புதிய கோல்கீப்பரின் கைகளையே பார்த்தார்கள். அப்போது கிழக்கு கேலரியிலிருந்து கிரேன் ஓட்டும் பெரியவர் எழுந்து, "டேய்! ஷிஃப்ட் இன்னும் முடியலைடா! பந்தை விட்டுடாதே!" என்று ஒரு சத்தம் போட்டார். முதலில் சிரிப்பு. பிறகு கேலரி முழுவதும் அதே சத்தம். நம் ஆட்கள் வெறிபிடித்தது போல ஓடி அடுத்த நிமிடமே கோல் அடித்தார்கள்.

அன்றிலிருந்து சங்கு ஊதினால் ஆறாயிரம் பேரும் எழுந்து, பந்தை அணைப்பது போல நெஞ்சோடு கைகட்டிக்கொண்டு அதைச் சொல்கிறார்கள். சங்கு நடுவில் வர வேண்டும் என்பதற்காகவே கிளப் எல்லா ஆட்டத்தையும் மூன்றரைக்குத் தொடங்குகிறது. வெளியூர் அணிகள் நேரத்தை மாற்றச் சொல்லி மனு கொடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. உட்கார்ந்து எண்ணினேன் அண்ணா: சங்குக்குப் பிறகு மட்டும் நாம் அடித்தது இருநூற்றுப் பதினொரு கோல்.

நீ எதை விட்டு ஓடினாயோ, அதை வைத்துத்தான் இந்தக் கிளப் பிழைத்திருக்கிறது.

இன்னொன்று, இது புத்தகத்துக்கு இல்லை. கப் போன அந்த இறுதிப் போட்டியன்று கேலரியில் பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து, "அந்தக் கோல்கீப்பர் உங்க அண்ணன்தானே?" என்று கேட்டார். "இல்லீங்க, யாரோ" என்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, அவ்வளவு பேருக்கு நடுவில் பயந்துவிட்டேன் என்று இத்தனை நாளும் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை, வெட்கம். நீ ஊரைவிட்டுப் போனபோது போகாதே என்று சொல்ல வாய் வராததும் அதனால்தான். இந்தப் புத்தகத்தை நான் ஒப்புக்கொண்டதும் அதற்காகத்தான் என்று எழுதும்போதுதான் தெரிகிறது.

மார்ச் 6, ஆண்டுவிழா ஆட்டம். இந்த உறைக்குள்ளேயே இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 10

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அண்ணி சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, அலமாரியில் விரித்திருந்த பேப்பரையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். ஒன்றில் நிஜமாகவே இருக்கிறது: கைகட்டிக்கொண்டு ஒரு கேலரி. அதன்மேல் இத்தனை நாள் ஊறுகாய் ஜாடி உட்கார்ந்திருந்தது.

யாரோ என்று சொன்னதற்கா இத்தனை வருடம் வருத்தம்? அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தானடி சொல்லியிருப்பேன், பைத்தியம்.

எழுதுவதானால் ஒன்றைச் சரியாக எழுது. கையுறை இரண்டையும் கழற்றிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பொய். இடது கை மட்டும்தான் கழற்றினேன்.

விழாவுக்கு வர முடியாது. மூன்று லாரி நிற்கிறது. டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணா,

இடது கை மட்டும். எழுதிவிட்டேன்.

உறையை உதறிப் பார்த்தேன், கிழித்தும் பார்த்தேன். டிக்கெட் இல்லை. தபால்காரரைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. அதனால் நான் யாரையும் எதுவும் கேட்கப்போவதில்லை.

தங்கை


மார்ச் 8

அன்புத் தங்கச்சிக்கு,

நீ மேடையில் புத்தகத்தோடு நின்றதைப் பார்த்தேன். பச்சைச் சேலை. ஒலிபெருக்கியை மிட்டாய்போல வாயருகில் பிடித்துக்கொண்டு பேசினாய். நாங்கள் கிழக்கு கேலரியில், மேலிருந்து மூன்றாவது வரிசை. உன்னைக் கூப்பிடாததற்குத் திட்டாதே. யாராவது "சங்கு" என்று கூப்பிட்டால் உடனே பஸ் ஏறிவிடலாம் என்று அண்ணியிடம் சொல்லித்தான் வந்தேன்.

பக்கத்தில் நர்ஸ் உடுப்போடு ஒரு பொண்ணு. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்னை இடித்து, "புதுசா சார்? இப்ப சங்கு ஊதும், எழுந்துடணும்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "அது ஒரு பெரிய கதை சார். முன்னாடி ஒரு கோல்கீப்பர் இருந்தாரு. வேலைன்னா அவ்வளவு சுத்தம். பாவம், போய்ச் சேர்ந்துட்டாராம்." "அப்படியா, எப்போம்மா?" என்றேன். "அது ஆச்சு சார், இருபது வருஷம்." அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

சங்கு ஊதியது. எழுந்தேன். கைகட்டினேன். என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்து, "சார், செத்தவங்களையே எழுப்பிடுவீங்க போல" என்றாள். அண்ணி பெஞ்சிலேயே சரிந்துவிட்டாள்.

மூன்றுக்கு இரண்டு ஜெயித்தோம், சரி. ஆனால் நாம் வாங்கிய இரண்டாவது கோல் இருக்கிறதே, அது கோலா? இப்போது இருக்கும் கோல்கீப்பர், கார்னர் கிக் வரும்போது கோல் கம்பத்தைக் கட்டிக்கொண்டே நிற்கிறான். இரண்டு அடி முன்னால் வந்திருந்தால் பந்து மடியில் விழுந்திருக்கும். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை எனக்கு. செயலாளரிடம் நீ கொஞ்சம் சொல்லிவை.

வேண்டாம். உனக்குச் சொல்லத் தெரியாது. சனிக்கிழமை நானே வந்து சொல்கிறேன்.

உன் அண்ணன்