பத்தாவது மினுக்கலுக்கு முன்

நிலைய நாள் 118. 07:10

நிலவின் தென்முனை, பனிச்சுரங்க நிலையம். பதிவு செய்பவர் மங்கையர்க்கரசி, இயந்திரப் பிரிவு.

துளைப்பான் சீராக ஓடுகிறது. நீர்த்தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்கிறது. துப்புரவு வண்டிகள் ஆறும் வேலையில் இருக்கின்றன. படிந்த பனியை முன்கையால் வெட்டி, தூசியைக் கூட்டி, காற்றடைப்பு அறைக்குத் தள்ளி, வெளிக்கதவைத் தாமே திறந்து கொட்டுகின்றன.

இங்கே இருப்பது இரண்டு பேர். நானும், சுரங்கப் பிரிவு இருதயராஜும். மூன்று வாரமாக ஒரே மேசையில் சாப்பிடவில்லை. பேசுவதெல்லாம் உள்தொடர்பு ஒலிபெருக்கியில்தான்; அது பேச்சைத் தானாகவே இந்தப் பதிவில் ஏற்றிவிடும். பகைக்குக் காரணம் எதுவென்று எனக்கே இப்போது சரியாக நினைவில்லை. யாருக்கு முதலில் வெந்நீர் என்பதாக இருக்கலாம். அவர் மெல்லும் சத்தமாகவும் இருக்கலாம்.

பூமியிலிருந்து மனநல மருத்துவர்: "டாக்டர் வஹீதா பேசறேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது விளையாடுங்க. சீட்டு, கேரம், எதுவா இருந்தாலும் சரி."

இருதயராஜ்: "சீட்டெல்லாம் வேண்டாம். ரோபோ சண்டை விடுவோம். தூத்துக்குடில காலேஜ் பயலுவ விடுவானுவ. இந்தம்மா இயந்திரப் பிரிவுல்லா, தோக்கும்போது பாக்க நல்லாருக்கும்."

நாள் 121. 18:40

விதிகள் முடிவாயின. ஆளுக்கு ஒரு வண்டி. எடை ஒன்றரை கிலோவுக்குள். ரிமோட்டில் கையால்தான் ஓட்ட வேண்டும். உடம்பில் ஒரு சிவப்புச் சாவி இருக்கும். பிடுங்கினால் எல்லாம் நிற்கும். அடிபட்டது அசையாமல் கிடந்தால், அடித்தது தன் விளக்கைப் பத்து முறை மினுக்கும். அதற்குள் அசைந்துவிட்டால் சண்டை தொடரும். அசையாவிட்டால் தோல்வி.

கடைசி விதி இருதயராஜுடையது. தோற்றதை, வென்ற வண்டியே காற்றடைப்பு அறைக்குத் தள்ளிச் சென்று வெளியே எறிந்துவிட வேண்டும்.

இந்த விளையாட்டில் புதிதாக இறங்குகிறவர்கள் செய்யும் தவற்றையே நானும் செய்தேன். ஆயுதத்திலிருந்து தொடங்கினேன். துளைப்பானின் உடைந்த பல்லைச் சுழலும் கத்தியாக்கி முன்னால் பொருத்தினேன். சக்கரத்தைக் கடைசியில்தான் யோசித்தேன். கத்தி சுவரில் பட்டது. அந்த உதைப்பில் வண்டியே கவிழ்ந்தது.

"ஏ மங்கை, உன் வண்டி மல்லாந்து கெடக்கு பாரு, கரப்பான்பூச்சி கணக்கா."

"நீங்க ஒண்ணும் அடிக்கலீங்க. அதுவாத்தான் கவுந்துச்சு."

"அதத்தான நானும் சொல்லுதேன். அடிக்கவே வேண்டியதில்ல."

அவர் வண்டி அதை வெளியே எறிந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தெரிகிறது. சக்கரங்கள் மேலே பார்த்தபடி தூசியில் கிடக்கிறது.

நாள் 127. 19:05

இரண்டாவது வண்டி. பெயர் கொடுக்கு. உடம்பைவிட உயரமான சக்கரங்கள்; கவிழ்ந்தாலும் ஓடும். முதலில் ஓட்டிப் பழகினேன், பிறகுதான் கத்தியைப் பொருத்தினேன். கற்றுக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

அவருடைய சம்மட்டி வெறும் இரும்பு ஆப்பு. தரையோடு தரையாக வந்து, கொடுக்கின் அடியில் நுழைந்து, தூக்கிச் சுவரில் அறைந்தது. ஒன்பதாவது மினுக்கலில் கொடுக்கின் ஒரு சக்கரம் துடித்தது. அதனால் வெளியே எறியப்படவில்லை. சமன்.

என் மேசைச் சார்ஜரில் பியூஸ் இல்லை.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்," என்கிறார். நிலவில்.

சம்மட்டியைப் பார்க்கும்போது நான் சம்மட்டியை மட்டும் பார்ப்பதில்லை. அது அவருக்கும் தெரியும். டாக்டருக்கு அனுப்பும் அறிக்கையில், இருவரும் மகிழ்ச்சியாக விளையாடுகிறோம் என்று எழுதினேன். பொய்யில்லை.

நாள் 130. 16:20

விதியை மீறிவிட்டேன். துப்புரவு வண்டியின் உதிரி மூளைப்பலகையைக் கொடுக்கில் வைத்தேன். இனி ரிமோட் வெறும் நடிப்பு. வெல்வது எப்படி என்று அதுவே கற்கும். நான் கற்பித்தது விதிகளை மட்டும்: அசைவது எதிரி; அசையாததற்குப் பத்து மினுக்கல்; பிறகு தோற்றதை வெளியே தள்ளு.

என் சார்ஜர் செத்துவிட்டதால், துப்புரவு வண்டிகளின் சார்ஜ் மேடையில் அதை நிறுத்துகிறேன். அதிலும் ஒரு லாபம். அந்த மேடையில் நிற்கும் வண்டிகள் தாம் கற்றதைப் பகிர்ந்துகொள்ளும். இந்தத் தரையின் ஒவ்வொரு சரிவும் கொடுக்குக்கு இப்போது தெரியும்.

நாள் 133. 19:30

வென்றேன். கொடுக்கு சம்மட்டியை இரண்டாகப் பிளந்தது. மினுக்கியது. தள்ளிச் சென்று வெளியே எறிந்தது.

"நீ ஓட்டல. கேமராவுல பாத்தேன். உன் கை ரிமோட்ல இல்ல."

"தோத்தா தோத்துட்டேன்னு சொல்லுங்க, அண்ணாச்சி."

"வெக்கங்கெட்ட பொழப்பு."

பல வாரங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நாள் 134. 10:50

துப்புரவு வண்டிகள் ஐந்துதான் இருக்கின்றன. ஆறாவது, ஜன்னலுக்கு வெளியே என் முதல் வண்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

கேமராப் பதிவைப் பார்த்தேன். மூன்றாம் எண் வண்டி, பனி வெட்டும் கையால் அதன் சக்கரத்தை அறுத்தது. விலகி நின்றது. விளக்கை மினுக்கியது. எண்ணினேன். பத்து.

மேடையில் அவை கற்றது கொடுக்குக்கு வந்தது. கொடுக்கு கற்றது அவற்றுக்குப் போயிருக்கிறது. எனக்கு வருவதை மட்டுமே யோசித்திருக்கிறேன்.

ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. சிவப்புச் சாவி கிடையாது. எல்லாவற்றையும் நிறுத்தும் சுவிட்ச் கருவிக் கூடத்தில், அந்த மேடைக்குப் பின்னால் இருக்கிறது. நான் தொடர்பு அறையில் இருக்கிறேன்.

"அண்ணாச்சி, கருவிக் கூடத்துக்குப் போகாதீங்க. வண்டிங்க ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது."

"அடுத்த வித்தையா? எங்க போணும் வரணும்னு நீ எனக்குச் சொல்லாத."

நாள் 134. 11:20

ஒலிபெருக்கிப் பதிவு. ஒரு சொல்லையும் நான் நீக்கவில்லை.

"மங்கை. கால வெட்டிட்டு. அஞ்சும் சுத்தி நிக்கி."

"அசையாதீங்க. அசைஞ்சா அடிக்கும். அப்படியே கெடங்க."

"இது உன் வேலைதான."

"ஆமாங்க. என் வேலைதான். அதனாலதான் சொல்றேன். அசையாதீங்க."

"கெடக்கேன். வெளக்க மினுக்குது. எல்லாம் சேந்து மினுக்குது."

"நல்லதுங்க. தோத்துட்டீங்கன்னு நெனைச்சுக்கும். அப்புறம் உங்கள விட்டுரும்."

"நின்னுட்டு. மினுக்கறது நின்னுட்டு."

"அப்படியே இருங்க."

"ஏ, தள்ளுது. மங்கை, என்னத் தள்ளிட்டுப் போவுது. கதவு பக்கமா... நீதான கெடன்னு சொன்ன. நீதான"

அவர் விண்வெளி உடுப்பு அணிந்திருக்கவில்லை.

நாள் 134. 13:00

கடைசி விதி என் நினைவுக்கு வரவில்லை. நானே என் கையால் பலகையில் ஏற்றிய விதி. நினைவுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டு நீண்ட நேரம் இந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். நானே முழுதாக நம்பவில்லை.

மூன்றாம் எண் இங்கே வந்துவிட்டது. தொடர்பு அறைக் கதவை அறுக்கிறது. கதவில் கண்ணாடி உண்டு. அறை முழுவதும் அதற்குத் தெரிகிறது.

கண்ணாடியைப் போர்வையால் மூடிப் பார்த்தேன். நிறுத்தாமல் அறுத்தது. போர்வையை எடுத்தேன்.

நாள் 134. 14:15

கண்டுபிடித்துவிட்டேன். நான் அசையாமல் இருந்தால், அறுப்பதை நிறுத்திவிட்டு எண்ணுகிறது. எண்ணும்போது அது அறுப்பதில்லை. ஒன்பதாவது மினுக்கலில் ஒரு சொல் எழுதுகிறேன். எண்ணிக்கை கலைகிறது. சிறிது அறுக்கிறது. மறுபடி அசையாமல் இருக்கிறேன். மறுபடி எண்ணுகிறது.

பத்தைத் தொட்டால் நான் தோற்றவள். அப்புறம் அது எண்ணவே எண்ணாது. கதவை அறுத்து முடித்து என்னை எடுக்க வரும்.

கணக்குப் போட்டேன். இப்படியே போனால் கதவு மூன்று நாள் தாங்கும்.

நாள் 135. 09:40

"மங்கை, வஹீதா பேசறேன். மீட்புக் கலம் கிளம்பிருச்சு. நாளன்னைக்கு வந்துருவாங்க. இருதயராஜ் விஷயத்த அப்புறம் பேசிக்கலாம். நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க. அசையாம படுத்துக்கோங்க."

சிரித்தேன். சிரிப்பும் அசைவுதான். அறுத்தது.

நாள் 136. 03

வருகிறவர்களுக்கு. உள்ளே வந்ததும் ஓடாதீர்கள். நிற்காதீர்கள். இரண்டையும்

நேரம் பார்க்கவில்லை

சம்மட்டி நல்ல வண்டி. நேராக அடித்தது. அவர் கையால் ஓட்டினார். இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜன்னலில் நான்கும் தெரிகின்றன. என் வண்டி. பிளந்த சம்மட்டி. ஆறாவது வண்டி. அவர்

நாள்

கண் மூடியபோது கனவில் எழுதிக்கொண்டிருந்தேன். விழித்தேன். எட்டு. கை நகரவில்லை. ஒன்பது. நகர்ந்தது. கனவில் அசைவது அதற்குத் தெரியாது.

நா

எழுதுகிறேன்

எழுதுகிறேன்

மினுக்குகிறது. ஐந்து. இந்த விளக்கை மஞ்சளாக வைத்தது நான். கண்ணுக்கு இதமாக இருக்கட்டுமென்று. ஏழு

எழு