காற்றுப் பெட்டி வந்த கிழமை

யூலை 8, செவ்வாய்

விடியவே சோளகக் காற்று. முற்றம் கூட்டிக் கூட்டிக் கை அலுத்தது. கூட்டிய இடத்தில் திரும்பவும் மணல். மத்தியானச் சோற்றிலும் மணல்.

கொழும்பு பஸ்ஸில் பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே: கட்டைவிரல் நுனியளவில் ஆறு கறுப்பு மூடி. உள்ளங்கையளவில் ஒரு பெட்டி. இங்கிலிசும் சீனமும் கலந்த ஒரு தாள். ரயரின் காற்று வாயில் மூடியைப் பூட்டிவிட்டால், லொறி ஓடும்போதே எந்த ரயரில் எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு என்று பெட்டியில் தெரியுமாம். காற்று குறைந்தால் கத்துமாம்.

என் மனுசன் அன்ரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்றுப் பார்க்க ஒரு பெட்டி வாங்கியவள் இனிச் சோறு வெந்ததைப் பார்க்கவும் ஒன்று வாங்குவாள் என்று நக்கல். ஏன் வாங்கினேன் என்று அவருக்குத் தெரியாதா?

இரண்டு வருசத்துக்கு முந்தி. செட்டிகுளம் தாண்டி. பின்சில்லு இரட்டை, உள்பக்கத்து ரயரில் காற்றுப் போனால் வெளியில் நிற்கிறவனுக்குத் தெரியாது, வெளி ரயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். உள்ளே சூடேறிச் சூடேறி வெடித்தது. அன்ரன் ஓட்டிய லொறி போய்ப் பாலை மரத்தில் அடித்தது. அன்ரனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பக்கத்துச் சீற்றில் இருந்த உதவியாள் ரபீக்தான் இழுத்து எடுத்து, தன் சாரத்தைக் கிழித்துக் காலைக் கட்டி, ரோட்டில் வந்த வான் வண்டியை மறித்து ஏற்றினவன். இந்த மனுசன் இன்றைக்கு என்னை நக்கலடிக்க உயிரோடு இருப்பது ரபீக்கால்தான். ஒவ்வொரு நாளும் மாதாவிடம் சொல்கிறேன். ரபீக்கிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன்.

அன்றிலிருந்து ரபீக் ஓட்டுகிறான், நான் முதலாளி. அன்ரன் லொறிப் பக்கமே போவதில்லை. முற்றத்தில்தான் நிற்கிறது, வாசலில் இருந்து இருபது அடி. அதை ஸ்ரார்ட் பண்ணும் சத்தம் கேட்டால் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போய்விடுவார். ஏன் என்று கேட்பதை நானும் விட்டுவிட்டேன்.

நாளை: மூடி பூட்ட வேண்டும். கருவாட்டு மூட்டைகளை மூடப் படங்கு தைக்கக் கொடுத்தது வாங்க வேண்டும். முட்டை.

யூலை 9, புதன்

காற்று கொஞ்சம் அடக்கம்.

ரபீக் எருக்கலம்பிட்டியில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். மூடிகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ நான் லொறிக்குத் தோடு வாங்கி வந்ததுபோல. அவனுடைய முறை வேறு. காலையில் இரும்புக் கம்பியால் ஆறு ரயரையும் ஒவ்வொன்றாகத் தட்டுவான், காதைச் சரித்துக் கேட்பான். காற்று சரியென்றால் ஒரு சத்தம், குறைந்தால் வேறு சத்தம். உள் ரயருக்குக் கம்பியை வெளிச் சில்லின் ஓட்டைக்குள்ளால் விட்டுத் தட்டுவான். அந்த விபத்துக்குப் பிறகு ஒருநாளும் தட்டாமல் எடுத்ததில்லை.

தட்டுவதை நிற்பாட்ட வேண்டாம், அதோடு இதுவும் இருக்கட்டும் என்றேன். தலையாட்டினான். பெட்டியை முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியாயிற்று. ஆறு சில்லின் படம், ஆறு எண். பின்சில்லுகள் எண்பத்தைந்து. எழுபதுக்குக் கீழே போனால் கத்தும்படி வைத்தோம். பொத்தானை எப்படி அமர்த்துவது என்று அன்ரன் வாசலில் நின்றபடி தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் லொறிக்குள் இருந்து அமர்த்தினேன். வாசலைத் தாண்டி ஒரு அடி வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

அதுவே பெரிய காரியம். இரண்டு வருசத்துக்குப் பிறகு லொறி பற்றி எங்களுக்குள் நடந்த முதல் கதை. சந்தோசமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

யூலை 10, வியாழன்

வெயில் என்றால் வெயில். தலைமன்னாரில் கருவாடு ஏற்றம். நானும் போனேன், நிறுவை பார்க்க.

கருவாடு காயவைக்கும் வாடி கடற்கரை மணலுக்குள். காற்று நிறைந்த ரயரோடு இறங்கினால் லொறி புதைந்து அங்கேயே குடியிருக்கும். ஆகவே எல்லாரும் செய்வதுதான்: தார் ரோட்டு முடியும் இடத்தில் நிறுத்தி ஆறு ரயரிலும் காற்றைப் பாதியாகக் குறைப்பது, ரயர் சப்பையாகி மணலில் மிதந்து போகும். திரும்பி வரும்போது மன்னார் ரவுனில் ரயர்க் கடையில் காற்று அடித்துக்கொள்வது.

பெட்டிக்கு இது தெரியுமா? காற்றைக் குறைத்ததும் கத்தத் தொடங்கியது. ஆறு ரயருக்கும் ஆறு கத்தல். வாடியில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழும்பி வந்துவிட்டார்கள். லொறிக்கு எத்தனையாம் மாதம் என்று ஒருத்தி கேட்டாள். ரபீக் சிரிப்பை அடக்க முடியாமல் கடல் பக்கம் திரும்பி நின்றான்.

எனக்கு வெட்கம், கோபம். ஏறிப் போய்ப் பொத்தானை அமர்த்தி எழுபதை இறக்கி இறக்கி நாற்பதுக்குக் கொண்டுவந்தேன். சத்தம் நின்றது. நானே கண்டுபிடித்தேன் என்று பெருமை வேறு.

பின்னேரம் ரவுனில் காற்று அடித்து, வங்காலை வீட்டுக்கு வந்து முற்றத்தில் விட்டோம். நாளைக்கு ஜும்ஆத் தொழுகை, ஆகவே ரபீக் சனி விடிய வந்து கொழும்புக்கு எடுப்பான்.

இராச்சாப்பாட்டின்போது அந்தப் பெண் கேட்டதைச் சொன்னேன். அன்ரன் சிரித்தார். எத்தனைக்கு இறக்கினாய் என்று கேட்டார். நாற்பது என்றேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டு சாப்பிட்டார்.

யூலை 11, வெள்ளி

லொறி வரிப்பத்திரம் புதுப்பிக்க மன்னாருக்கு. கந்தோரில் வரிசை. ஒரு பத்திரத்தின் போட்டோப்பிரதி இல்லையென்று திரும்ப அனுப்பினார்கள், எடுத்துக்கொண்டு வந்தால் சாப்பாட்டு நேரம். வாங்கில் இருந்த ஒரு அம்மா தள்ளி இருந்து எனக்கு இடம் தந்து, தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினா. பெயர்கூடக் கேட்கவில்லை. அவவுக்கு நல்லது நடக்கட்டும்.

வீடு வர இரண்டரை. அன்ரன் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார். சீனி கொஞ்சம் கூடிவிட்டது. சொல்லாமல் குடித்தேன்.

யூலை 12, சனி

ஆறு மணிக்கு ரபீக் தட்டிப் பார்த்துவிட்டு எடுத்தான். எல்லாம் நல்ல சத்தம் என்றான். அன்ரன் வழமைபோலக் குசினிப் பக்கம்.

ஏழரைக்கு உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். கையில் சவர்க்காரம். அப்போதுதான் நினைவு வந்தது. நாற்பது.

நாற்பதைத் திரும்ப எழுபதாக்கவே இல்லை. உள் ரயரில் காற்று போனால், எண்பது, எழுபது, அறுபது, ஐம்பது, பெட்டி வாயே திறக்காது. நாற்பதுக்கு வரும்போது வெடித்திருக்கும். காசு கொடுத்து வாங்கிய காவல்காரனின் வாயை நானே பொத்திவிட்டு, வரிசையில் நின்று வரிப்பத்திரம் எடுத்திருக்கிறேன்.

ரபீக்குக்குப் போன் எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. மடு ரோட்டுக்கு அங்கால் காடு, சிக்னல் விட்டு விட்டுத்தான். பதினொரு தரம் எடுத்தேன். அதே ரோட்டு. அதே இடம். ரபீக்குக்கு மூன்று பிள்ளைகள். கடைசி இன்னும் தவழ்கிறது. என் புருசனைத் தூக்கி எடுத்தவனை நான் அனுப்பியிருக்கிறேன். அன்ரனிடம் சொல்லவும் தைரியமில்லை. கிணற்றடியில் இருந்து மாதாவே மாதாவே என்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

எட்டு இருபதுக்கு அவனே எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, பெட்டி கத்தினது. பின்னுக்கு இடது உள் ரயர், அறுபத்தெட்டு. நிப்பாட்டிக் கை வச்சன், கை வைக்க ஏலாது, அவ்வளவு சூடு. இரும்புத் துண்டொண்டு ஏறியிருக்கு. விடியத் தட்டேக்க நல்லாத்தான் கிடந்தது அக்கா. பெட்டி கத்தாட்டி நான் போய்க்கொண்டுதான் இருந்திருப்பன்."

எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன். செட்டிகுளம் என்றான். பிறகு அவன் மாற்று ரயர் பூட்டியாயிற்று, போறன் என்றான்.

அழுதேன். தோய்த்த உடுப்பைத் திரும்பத் தோய்த்தேன்.

பின்னேரம்தான் மூளை வேலை செய்தது. அறுபத்தெட்டில் எப்படிக் கத்தியது? நான் வைத்தது நாற்பது.

யூலை 13, ஞாயிறு

பூசை. மெழுகுதிரி ஆறு, ரயருக்கு ஒன்று. சிரிக்கிறவர் சிரிக்கட்டும்.

நாலு மணிக்கு ரபீக், வீட்டுக்கும் போய்விட்டு, லொறியோடு வந்தான். மனைவி நஸ்ரியா வட்டிலப்பம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், பெட்டி வாங்கின அக்காவுக்கு என்று. அதை வாங்கக் கை கூசியது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்: நான்தான் நாற்பதில் விட்டேன், மறந்து போனேன், மன்னித்துக்கொள். அன்ரன் வாசலில் இருந்தார், கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். இரண்டு வருசமாகச் சொல்லாத நன்றியையும் சேர்த்துச் சொன்னேன். எதிர்பார்த்தபடி அழுகை. ரபீக் என்ன செய்வதென்று தெரியாமல் படங்கை மடித்தான், மடித்ததை விரித்துத் திரும்ப மடித்தான்.

பெட்டியில் எழுபது என்றுதானே கிடந்தது, தான் பொத்தான் ஒன்றும் தொடவில்லையே என்றான்.

அவன் போன பிறகு அன்ரன் சொன்னார். வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டே.

"நான்தான் எழுபதுக்கு ஏத்தினனான். வெள்ளிக்கிழமை, நீ கந்தோருக்குப் போன நேரம்."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. பெட்டி ஒட்டியிருப்பது லொறிக்குள். லொறியின் படி என் இடுப்பு உயரம்.

"எப்பிடி ஏறினனீங்கள்?"

"ஏறுறது பெரிய வேலையில்லை. இறங்கத்தான் அரை மணித்தியாலம் போச்சுது."

ஊன்றுகோலை முதலில் உள்ளே எறிந்தாராம், கதவுப் பிடியில் தொங்கினாராம். இரண்டு தரம் விழுந்தாராம். உள்ளே ஏறி ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாராம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. விழுந்து மற்றக் காலையும் உடைத்திருந்தால்? வியாழன் இரவே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன்.

"சொன்னா நீயெல்லோ ஏறியிருப்பாய்" என்றார்.

பக்கத்தில் இருந்து அவர் வெட்டித் தந்த துண்டைச் சாப்பிட்டேன்.

செவ்வாய் கொழும்புக்கு அடுத்த ஏற்றம். முன்சீற்றில் தனக்கு இடமிருக்குமோ என்று கேட்டார். இப்போது அந்தச் சீற்றில்: பழைய படங்கு, கயிறு, தராசு, ரபீக்கின் மழைக்கோட்டு, வெங்காயச் சாக்கு ஒன்று. எல்லாம் நாளைக்கே இறக்க வேண்டும்.