ஒரு தும்மல்கூட இல்லை

ஒக்டோபர் 6
வார்ட்டில் இன்று பதினொரு பேர். எல்லாருக்கும் தடிமன், மூக்கொழுகல், இருமல். தாதி வேலையில் இது புதிதில்லை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் குளித்து, உடுப்பு மாற்றி, முகக்கவசத்தோடுதான் கணவர் றொபின்சனுக்குச் சோறு போட்டேன். கொரோனாவில் அவருடைய நுரையீரல் கெட்டு ஐந்து வருசம். கடலுக்குப் போவதில்லை, வீட்டிலிருந்து வலை தைக்கிறார். எனக்கு வந்து போகிற தடிமன் அவரை இந்த நெடுந்தீவிலிருந்து கடல் தாண்டி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்ப் படுக்க வைக்கும். போன மாரியில் இரண்டு தரம்.

ஒக்டோபர் 14
யாழ்ப்பாணத்திலிருந்து ஆய்வுக் குழு ஒன்று வந்தது. மூக்கில் தெளிக்கிற புதுத் தடுப்பு மருந்து. ஒரு கிருமிக்கு என்றில்லை, நெஞ்சுக்குள் இறங்குகிற எல்லாக் கிருமிக்குமாம். நுரையீரலின் காவலை மாதக்கணக்கில் விழிப்பாக வைத்திருக்குமாம். எலிகளில் பலித்தது, மனிதரில் இப்போதுதான். சுகமாக இருப்பவர்கள் மட்டும் சேரலாம். றொபின்சன் போன்றவர்களுக்கு இப்போதைக்கு இல்லை.
குழுவின் வைத்தியர் பிரியதர்சினியிடம் கேட்டேன்: "காவல் கனநாள் முழிச்சிருந்தா, சொந்த உடம்பையே தாக்காதோ டொக்டர்?"
"அதுதான் எங்கட பயமும். அதைப் பாக்கத்தான் இந்த ஆய்வு."
பொய் சொல்லியிருந்தால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 15
சேருவதா, வேண்டாமா?

ஒக்டோபர் 19
றொபின்சனிடம் சொன்னேன். கையிலிருந்த வலையை விடாமலே கேட்டார்: "ஆருக்காக?"
"எனக்காகத்தான்."
"எனக்காக எண்டா வேண்டாம். உமக்கும் மூச்சு ஏலாமப் போனா ஆர் ஆரைப் பாக்கிறது?"
எனக்காக என்றது பொய். ஆனால் அவருக்காக என்பதும் முழு உண்மையா? முகத்தை மூடிக்கொண்டு குடும்பம் நடத்தி அலுத்துப்போனேன். அதுவும் ஒரு காரணம். படிவத்தில் அதை எழுத இடமில்லை.

நவம்பர் 3
கையெழுத்து வைத்தேன். தெளித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று தெளிக்கிறவருக்கும் தெரியாது.

நவம்பர் 5
மூக்கு எரிகிறது. லேசான காய்ச்சல். எனக்கு மருந்துதான். உப்புத்தண்ணீர் இரண்டு நாள் எரியுமா?

டிசம்பர் 12
வார்ட்டில் வேலை செய்கிற எல்லாருக்கும் தடிமன். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. வீட்டில் முகக்கவசத்தை விட்டு இரண்டு கிழமை. முதல் நாள் றொபின்சன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெலிஞ்சிட்டீர்," என்றார்.

டிசம்பர் 27
அவருக்கு இருமல்.

டிசம்பர் 29
நிமோனியா. கடல் கொந்தளிப்பு; எப்படியோ யாழ்ப்பாணம் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போனவர் — அங்கே தொற்றியிருக்கலாம். நானாகவும் இருக்கலாம். ஆனால் எனக்குத்தான் ஒன்றுமில்லையே. ஒன்றுமில்லாத நான் எதைக் கொடுத்திருப்பேன்?

ஜனவரி 9
சுகமாக இருக்கிற என்னிடமிருந்து அவருக்குத் தொற்றுமா என்று டொக்டர் பிரியதர்சினியைத் தேடிப் போய்க் கேட்டேன்.
"மருந்து காய்ச்சல், இருமல் எண்டு வருத்தம் வராமத் தடுக்கலாம். மூக்கில கிருமி தங்கிறதைத் தடுக்குமோ எண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது, வினோதா. முகக்கவசத்தை விட வேண்டாம் எண்டு படிவத்தில இருக்கு."
இருந்தது. நாலாம் பக்கத்தில். ஊராருக்கெல்லாம் படிவம் வாசித்து விளங்கப்படுத்துகிறவள் நான்.
மருந்து நல்லதா, கெட்டதா? நான் படுக்கவில்லை. அவர் படுத்துவிட்டார். இரண்டையும் ஒன்றாக வைத்து எதை நினைக்கிறது? எனக்கு விளங்கேல்லை. ஒண்டும் விளங்கேல்லை.

ஜனவரி 16
அவரை வீட்டுக்கு விட்டார்கள். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் வரும்போது சொன்னேன்: "என்னாலதான் எண்டு நினைக்கிறன்."
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "தெரியாததுக்கு ஏன் அழுறீர்? முதல்ல தெரிஞ்சுகொண்டு வாரும், பிறகு அழும்."

ஜனவரி 20
முகக்கவசம் மறுபடியும். டொக்டருக்கு எழுதினேன்: நான் விலகவில்லை. ஆனால் கிழமைக்கு ஒருமுறை என் மூக்கில் தடவி எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்த மற்றவர்களையும் கேட்டுப் பாருங்கள்.

பெப்ரவரி 8
சரி என்று பதில் வந்தது.

மார்ச் 2
இந்தக் கிழமை முடிவைத் தொலைபேசியில் சொன்னார்கள். என் மூக்கில் கிருமி இருக்கிறது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, சோற்றின் ருசிகூட மாறவில்லை. எனக்குத் தெளித்தது மருந்தா உப்புத்தண்ணீரா என்று இன்னும் சொல்லவில்லை. டிசம்பரில் கொடுத்தது நான்தானா என்பதற்கும் இது பதில் இல்லை.
தள்ளி நின்று றொபின்சனிடம் சொன்னேன். அவர் தன் கட்டிலை விறாந்தைக்கு இழுக்கத் தொடங்கினார். உதவிக்குப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்கி நின்றார். நானும் நின்ற இடத்திலேயே நின்றேன்.
பிறகு யன்னலால் கேட்டார்: "எத்தினை நாள்?"
"பத்து."
"பத்து நாளும் நான் சமைக்கிறன். உமக்கு உறைப்புக் கூடவோ, குறையவோ?"
பதினெட்டு வருசமாக அவருடைய வாய்க்குத்தான் சமைத்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு வேண்டும் என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை.