கமாண்டோ வீட்டில் காலிங் பெல்

ஏனுங்க,

லீவில் வந்த உங்களை எழுப்ப மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பிவிட்டேன். அரிசிம்பருப்பு சாதம் குக்கரில் இருக்கிறது, நெய் மேல் தட்டில்.

ராத்திரி சண்டை மும்முரத்தில் ஒரு நல்ல சேதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பா இன்றைக்குச் சோமனூரிலிருந்து வருகிறார். நம் கல்யாணத்துக்குக்கூட வராத மனுஷன் நேற்று போனில், "மாப்பிள்ளைகிட்டத் தனியாப் பேசோணும் அம்மணி, நீ ஸ்கூலுக்குப் போயிரு" என்றார். மாப்பிள்ளை என்றே சொன்னார்.

அதனால் ஒரு விண்ணப்பம். பெல் அடித்தால், நேற்று கேஸ்காரருக்குச் செய்தது மாதிரி, சுவரோடு ஒட்டி நின்று கதவைப் படாரென்று இழுத்து, வந்தவர் கையை முறுக்க வேண்டாம். உங்கள் படையில் கற்றுக்கொடுத்ததெல்லாம் தீவிரவாதிகளுக்கு. பாவம், அவர் போட்டுவிட்டு ஓடிய சிலிண்டர் இன்னும் மாடிப்படியில்தான் கிடக்கிறது. அதை உள்ளே எடுத்து வைத்தால் என் கோபம் தீரும்.

பத்மா

பி.கு.: அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காபியை இனிப்பில்லாமல் கொடுங்கள்.

இன்னொன்று: கதவுக்கு நேராகவே நின்று திறங்கள். ஏழு வருஷம் கழித்து அவர் பார்க்க வருவது உங்கள் முகத்தைத்தான்.