பைய உருட்டும் பஸ்

பக்கக் கண்ணாடியில் பின்னால் ஒரு தடவை பார்க்காமல் வண்டி எடுக்காத என் அப்பாவுக்கு,

ஒரு சேதி சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நாற்பத்து மூன்று வயதில் உங்கள் மகள் கம்ப்யூட்டர் கேம் எழுதுகிறாள். விளையாடவில்லை அப்பா, எழுதுகிறேன். வண்ணார்பேட்டையில் கிளம்பி மணிமுத்தாறு போகிற பஸ்தான் விளையாட்டு. டிரைவர் யார் என்று சொல்ல வேண்டுமா?

நீங்கள் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அம்மா உங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எனக்கு உங்கள்மேல் ஒரு கோபம் இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆபீஸ் விட்டு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான், இலவசப் பாடம் ஒன்றைப் பார்த்து புரோகிராம் எழுதப் பழக ஆரம்பித்தேன்.

டைப்பிஸ்ட்டுக்கு இது என்ன பெரிய காரியம் என்று ஒரு மிதப்பு எனக்கு. ஆனால் இது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய கை அல்லவா? பத்தி தொடங்கினால் ஐந்து இடம் விடும். வரி முடிந்தால் முற்றுப்புள்ளி வைக்காமல் ஓயாது. கம்ப்யூட்டருக்கு இரண்டுமே ஆகாது. வரி எங்கே தள்ளித் தொடங்க வேண்டும் என்பதற்கு அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. இருபது வருஷம் அடித்தல் திருத்தல் இல்லாமல் தாலுகா ஆபீஸ் கடிதங்கள் அடித்தவள், நாலு வரிக்குள் ஏழு தப்பு வாங்கினேன்.

எப்படியோ ஒரு பஸ்ஸை வரைந்து ஓட விட்டேன். திரையில் உயரத்தை மேலிருந்து கீழே எண்ணுவார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. பத்தமடைக்கு முன்னால் பள்ளத்தில் இறங்க வேண்டிய வண்டி ஜோராக ஆகாயத்தில் ஏறிவிட்டது. பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

“ஏட்டி, ஒங்க அப்பா பஸ்ஸு என்ன பறக்குது?”

முன்பக்கம் நான் கட்டிவிட்டிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். ஏழு மாதத்தில் அம்மா ‘ஒங்க அப்பா’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அவளுக்கும்தான்.

இந்த மாதிரி விளையாட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது அப்பா. பஸ் நகர்வதே இல்லை. அது திரையின் நடுவில் அப்படியே நிற்கும், ஊர்தான் பின்னால் போகும். சின்ன வயதில் எஞ்சின் மூடிமேல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சேரன்மாதேவி வயல் ஓடுகிறது என்று கத்துவேனே, நீங்கள் ‘ஆமா, நாம சும்மாதான இருக்கோம்’ என்பீர்களே, அதேதான். அன்றைக்கு என்னைக் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அடுத்து ஆட்களை உண்டாக்கினேன். பாய்ச்சுருளோடு பத்தமடைக்காரர், அப்பளக் கட்டோடு கல்லிடைக்குறிச்சி அக்கா, எல்லாரும் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வருவார்கள். பிடித்தால் ஒரு மதிப்பெண். பிடிக்காமல் திரையின் இடது ஓரத்துக்கு அப்பால் போய்விட்டால் அந்த ஆளை அழித்துவிட வேண்டும். பாடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்களை எல்லாம் வைத்துக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் திணறுமாம்.

அம்மா விளையாடினாள். அப்பளக்கார அக்கா ஓரத்தில் மறைந்தாள்.

“அந்தப் பொம்பள எங்கட்டி போனா?”

“அழிச்சாச்சும்மா.”

“அழிச்சியா! வெயில்ல ஓடியாறவள விட்டுட்டுப் போவுததும் இல்லாம அழிக்கவும் செய்யுதியா? ஒங்க அப்பா ஒரு நாளாவது அப்படிப் போயிருக்காவளா?”

லேப்டாப்பைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். மறுநாளே மாற்றினேன்: ஒருவர் ஓடி வந்தாலும் பஸ் நிற்க வேண்டும். விளைவு என்ன தெரியுமா? நான்தான் மூன்று விநாடிக்கு ஒரு ஆளை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறேனே. பஸ் பத்தமடையில் நின்றது நின்றதுதான். ஒருவர் ஏறுவதற்குள் அடுத்தவர் ஓடி வந்தார். உங்களுக்கு டெப்போவில் தாமதத்துக்காகக் கொடுத்த மெமோவெல்லாம் ஞாபகம் வந்தது. தப்பு எங்கே என்று மூன்று நாள் தேடினேன். தப்பே இல்லை, நான் எழுதியதைத்தான் அது செய்தது.

அப்போதும் அம்மாதான் வந்தாள். கையிலிருந்த காப்பி டம்ளரை மேஜைமேல் வைத்து மெதுவாக நகர்த்திக் காட்டினாள்.

“நிக்கமாட்டாவட்டி. பைய உருட்டுவாவ. உள்ள இருக்கவனுக்கு வண்டி கெளம்பிட்டுன்னு திருப்தி. ஓடியாறவளுக்கு இன்னும் போவலன்னு ஒரு தெம்பு.”

“ஒனக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெனமும் சோத்துத் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு வண்ணார்பேட்டையில ஓடுனவ நாந்தானட்டி.”

ஒரே ஒரு வரி அப்பா. ஓடி வருபவர் நெருங்க நெருங்க பஸ்ஸின் வேகம் குறைய வேண்டும், ஆனால் பூஜ்யம் ஆகக் கூடாது. எழுதி ஓட விட்டேன். அப்பளக்கார அக்கா தாவி ஏறினாள், பஸ்ஸும் போனது. நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் கிரிக்கெட் பார்க்கிறோம் என்று நினைத்தார்களாம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் என் கோபம் வாயை விட்டு வந்துவிட்டது. அன்றைக்கு ஆபீசிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான் எப்படி ஓடி வந்தேன் தெரியுமா? செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் படியேறினேன். ஐந்து நிமிஷம் முந்தி போய்விட்டீர்கள் என்றார்கள். ஊரில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காத்திருந்த மனுஷர், பெற்ற மகளுக்குக் காத்திருக்கவில்லையே என்று இத்தனை நாளும் மனதுக்குள் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

அம்மா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“காலம்பறயே ‘இனி இல்லம்மா’ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மத்தியானம் வரைக்கும் எப்படி இருந்தாவன்னு நெனைக்க? கதவையேதான் பாத்துக்கிட்டு கெடந்தாவ. ஒனக்காவத்தாம்ட்டி பைய உருட்டுனாவ. முடிஞ்ச மட்டும் உருட்டுனாவ.”

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவே இல்லையே என்றாள். சரிதான், நாங்கள் இரண்டு பேரும்தான் பேசாமல் இருந்தோமே. அன்றைக்கு உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. மெமோ வந்த நாளில் அதைத் தட்டின் அடியில் விரித்துவைத்துச் சாப்பிட்டீர்களாமே? இப்போது விளையாட்டில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண்ணும் ஓடி வருகிறாள். பச்சைச் சேலை கட்டிவிட்டேன். “நான் கத்திரிப்பூ கலருல்லா கெட்டுவேன், மாத்துட்டி” என்று தினமும் உத்தரவு போடுகிறாள். இன்று மாற்றிவிட்டேன்.

இப்போது வண்டி வீரவநல்லூர் வரை வந்திருக்கிறது. கல்லிடைக்குறிச்சியும் மணிமுத்தாறும் பாக்கி. அணையை எப்படி வரைவது என்று இன்னும் தெரியவில்லை, படித்துக்கொள்வேன். பஸ்ஸைக் கடைசி நிறுத்தம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. இன்னொரு வாக்கும் தருகிறேன் அப்பா. அழிக்கிற அந்த வரியை எடுத்துவிட்டேன், திரும்ப எழுத மாட்டேன். கண்ணுக்குத் தெரியாமல் போனவர்களும் உள்ளேயே இருக்கட்டும். கம்ப்யூட்டர் திணறினால் திணறட்டும்.

எஞ்சின் மூடியில் உட்கார்ந்து உங்களோடு ஊர் பார்த்த
உங்கள் மகள்,
சுந்தரி