அப்பா அழுத்த மறுத்த பொத்தான்

ரண்டர்ஸ்,
21.09.2025, ஞாயிறு

என் அன்பிற்குரிய மகள் சாரங்காவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் தேக சுகத்தில் குறையேதுமின்றி இருக்கிறோம். கிறீன்லாந்தின் குளிரில் நீயும் நெஞ்சுச்சளி பிடிக்காமல், நேரத்துக்கு உண்டு உறங்கி, உன் வலையமைப்புப் பணிகளைச் செவ்வனே ஆற்றி வருவாய் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லக்கூடியதை அம்மா ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நீ நினைக்கலாம். இது அப்பா அருகில் இல்லாதபோது சொல்ல வேண்டிய செய்தி. அவரோ நான் தொலைபேசியைக் கையில் எடுத்தால் அருகில் வந்து அமர்ந்துவிடுகிறார்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நம் உடுப்பு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய கணினி உனக்கு நினைவிருக்கும். ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை வாங்கி, மின்வழங்கியை மாற்றி, விசிறியின் தூசியைத் துடைத்து, எவரிடமும் பாடம் கேளாமல் நானே உயிர்ப்பித்தது. ஆறு ஆண்டுகள் ஒருநாளும் நிறுத்தப்படாமல் ஓடியது. கணினிச் சொற்களுக்குத் தமிழில் நான் எழுதிவந்த விளக்க ஏடு, ஏறத்தாழ ஆயிரத்து நானூறு சொற்கள், அதிலே இருந்தது, அதில் மட்டுமே இருந்தது. சென்ற ஆண்டு சரஸ்வதி பூசைக்குக் கருவிகள் யாவும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று அதையும் நிறுத்திச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் காலை பொத்தானை அழுத்தியபோது வன்தட்டு டிக் டிக் என்றது, பிறகு அந்தச் சத்தமும் நின்றுபோயிற்று. ஆண்டுக்கணக்காய்ச் சுழன்ற தட்டு குளிர்ந்து நின்றால் மீண்டும் எழும்பாமற் போகலாம் என்பதைப் பிற்பாடுதான் படித்தறிந்தேன். பிரதி எடுத்து வையுங்கள் என்று நம் தமிழ்ச் சங்கத்தில் எல்லாருக்கும் உபதேசம் செய்தவளிடம் ஒரு பிரதியும் இருக்கவில்லை. கோல்டிங் தமிழ்ப் பாடசாலையார் அந்த ஏட்டைக் கேட்டபோது இன்னும் முற்றுப்பெறவில்லை என்று பொய்யுரைத்தேன்; உன்னிடமும் அதையே உரைத்தேன்.

உன் அப்பா என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து வந்தவர் குளித்துவிட்டு ஒரு கொப்பியோடு சமையலறை மேசையில் இருந்து, "இஞ்சாரும், நீர் சொல்லும், நான் எழுதுறன், மறந்ததுக்கு இடம் விடுவம்" என்றார். அப்படித்தான் தொடங்கியது. ஆனால் தமக்கு விளங்காத சொல்லை எழுத அவர் இணங்கவில்லை. நினைவகம் என்றேன், சேமிப்பகம் என்றேன், இரண்டும் வைக்கிற இடம்தானே, பிறகென்ன வித்தியாசம் என்று கேட்டார். நான் இரண்டு பக்கம் விளக்கிய பின், "அப்ப நினைவகம் எண்டது எங்கடை வெட்டுற மேசை, சேமிப்பகம் குளிரறை, ஷிப்ட் முடிய மேசையைக் கழுவிப்போடுவாங்கள், குளிரறையிலை வைச்சதுதான் நாளைக்கும் இருக்கும்" என்றார். ஆறு ஆண்டுகள் எழுதிய என் ஏட்டில் இத்தனை தெளிவான ஒரு வரி இருந்ததில்லை, மகளே. வெளியிலிருந்து வரும் தீங்கைத் தடுக்கும் தீச்சுவர் அவருக்குச் சப்பாத்து மாற்றிக் கை கழுவாமல் கடக்க முடியாத சுகாதார வாசலாயிற்று. ஒரே வலையமைப்புக்குள் தரவைச் சேர வேண்டிய கருவிக்கு அனுப்பும் சுவிட்ச், கொழுவியில் வரும் ஒவ்வொரு பன்றியின் இலக்கத்தையும் பார்த்து உரிய வரிசைக்குத் தள்ளும் பொறியாயிற்று; வெளியே அனுப்பும் ரவுட்டர், எந்த லொறி எந்த நாட்டுக்கு என்று தீர்மானிக்கும் ஆளாயிற்று. நத்தார்ப் பண்டிகைக்கு முன் தொழிற்சாலை மூடப்பட்டது உனக்குத் தெரியும். தை மாதத்தில் அவர் தொழிற்கல்லூரியில் கணினித் தொழில்நுட்பப் பயிற்சிக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியாது. மருத்துவரிடம், வேலை தேடித்தரும் பணிமனைக்குப் போகிறார் என்றெல்லாம் நான் சொன்னவை யாவும் அந்த வகுப்புகளே. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். நீ முன்பொரு கோடை விடுமுறையில் வந்திருந்தபோது ரவுட்டர் என்ன செய்கிறது என்று அவர் கேட்டார், நீ டெனிஷ் மொழியில், அது உங்களுக்குச் சிக்கல் அப்பா, விடுங்கள் என்றாய். களைப்பில் சொன்னாய் என்று அறிவேன். அதன்பின் அவர் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஐம்பத்தாறு வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே. சங்கக் கூட்டத்தில் பஸ்தியாம்பிள்ளை, "குணசேகரம் அண்ணை, பண்டி வெட்டின கை இனி மவுஸ் பிடிக்கப் போகுதோ?" என்று எல்லாரும் கேட்கக் கேட்டார். அப்பா தேநீரை வைத்துவிட்டு, "ரெண்டுக்கும் கை நடுங்கப்படாது பஸ்தி" என்றார். சிரிப்பு மற்றப் பக்கம் திரும்பிவிட்டது. ஆயினும் ஒரு நிறுவனம் பயிலுநராக ஏற்றால்தான் படிப்பைத் தொடர முடியும். இருபத்தாறு விண்ணப்பங்கள் எழுதினோம், மொழிநடையை நான் திருத்தினேன், ஒன்றும் வாய்க்கவில்லை. கடைசியாக இங்குள்ள ஒரு சிறு நிறுவனம் ஒரு வாரம் வந்து வேலை செய்து காட்டச் சொன்னது. அதுவும் தவறினால் படிப்பு அத்துடன் முடிந்தது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் நேற்று முன்தினம் முடிந்தது. புதன்கிழமை அவரை மோர்டன் என்ற இளைய தொழில்நுட்பரோடு யன்னல் செய்யும் ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள்; படிக்கட்டின் கீழ் ஒன்பது ஆண்டுகளாக நிற்காமல் ஓடும், பட்டறையின் கோப்புகள் யாவும் இருக்கும் சேர்வர் ஒன்றைப் புதிய அறைக்கு மாற்ற வேண்டும். நிறுத்து, தூக்கு, போடு, அரை மணித்தியால வேலை என்றாராம் மோர்டன். அப்பா, கடைசிப் பிரதி எப்போது எடுத்தது என்று கேட்டார். பட்டறையில் எவருக்கும் தெரியவில்லை. அப்படியானால் பிரதி எடுக்கும்வரை நான் பொத்தானை அழுத்த மாட்டேன், நீங்களும் அழுத்த வேண்டாம் என்று நின்றுகொண்டார். எண்ணிப் பார், தமக்கு மதிப்பெண் போடப் போகிறவரிடம்! பிரதி எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்து முடிய நான்கு மணித்தியாலம். வேறு இரு இடங்களுக்குப் போகத் தவறிவிட்டதென்று மோர்டன் முகம் சிவந்திருந்தார். பின்னர் நிறுத்தினார்கள், தூக்கினார்கள், போட்டார்கள். அது உடனே, ஒரு முனகலுமின்றி எழும்பியது. பார்த்தாயா குணா, ஒன்றுமில்லை என்று மோர்டன் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று, "இஞ்சாரும், அது எழும்பிட்டுது, என்ரை வேலை போச்சு" என்றார். என்ன சொல்கிறீர்கள் என்றேன். "எழும்பாமல் விட்டிருந்தா பிரதியின்ரை அருமை விளங்கி எனக்கு வேலை கிடைச்சிருக்கும். எண்டாலும் எழும்பினது நல்லது, அந்தச் சனம் பாவம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். முப்பத்தொரு ஆண்டுகள் இவரோடு வாழ்ந்திருக்கிறேன். படித்தவள் நான், இவர் நல்ல மனிதர் என்ற அளவில் ஒரு கணக்கு என் மனத்தில் இருந்தது. அந்தக் கணக்கு பிழை என்பதை அந்த வாசலில் அறிந்தேன். என் ஏட்டை நான் இழந்தபோது என் பெருமைக்காக அழுதேன். இவர் தம் எதிர்காலம் போயிற்று என்று நம்பிய வேளையிலும் முன்பின் அறியாதவர்களின் கோப்புகள் பிழைத்ததற்கு மகிழ்ந்தார்.

வெள்ளிக்கிழமை முகாமையாளர் அவரை அழைத்து மோர்டன் எழுதிய மதிப்பீட்டை வாசித்துக் காட்டினார். இரண்டே வரி. மெதுவானவர். பிரதி உண்டென்று உறுதியாகாமல் எதையும் நிறுத்த மாட்டார். இரண்டாவது வரியைத்தான் பத்து ஆண்டுகளாக என் ஆட்களுக்குச் சொல்லிச் சலித்துவிட்டேன், முதலாவதைப் பொறுத்துக்கொள்கிறேன், திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வா என்றாராம். நாளை திங்கள், நவராத்திரியும் நாளைதான் தொடங்குகிறது.

இக்கடிதத்தோடு அனுப்பும் பொதியில் மிளகாய்த்தூளோடு ஒரு சிறு யூ.எஸ்.பி. இருக்கிறது. நாங்கள் இருவரும் மீண்டும் எழுதிய ஏடு, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு சொற்கள். ஒரு பிரதியாவது இவ்வீட்டுக்கு வெளியே, தொலைவில் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அதைத் திறக்கும் கடவுச்சொல்லை இதில் எழுதவில்லை, நீ கேட்கும்போது சொல்வேன்.

இது கைக்குக் கிடைத்ததும் வரும் ஞாயிறு நீயே அவரை அழை. நான் எழுதியதை அறிந்ததாகக் காட்டாதே; அப்பா, என்ன புதினம் என்று மட்டும் கேள். அவர் தொடக்கத்திலிருந்து தொடங்குவார். நீ என்றோ கற்று முடித்தவற்றையெல்லாம் உனக்கு விளக்குவார், சில சொற்களைப் பிழையாக உச்சரிப்பார். திருத்தாதே, டெனிஷுக்கு மாறாதே.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் அருள்வாராக. அப்பா சொல்லி முடிக்கும்வரை பொறுத்திரு, மகளே.

என்றும் உன் நலம் விழையும் அம்மா,
யோகம்மா குணசேகரம்